மரபணு கையில் இல்லையா? எழுதிக்கொள்ளும் பாக்டீரியா!

நம்மை மட்டுமல்ல, பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். ஃபேஜ் எனப்படும் அந்த வைரஸ் உள்ளே நுழைந்து, பெருகி, செல்லையே உடைத்துக்கொண்டு வெளியேறும். இதைத் தடுக்க பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதங்களில் ஒன்று விஞ்ஞானிகளையே வியக்க வைத்திருக்கிறது.

டி.என்.ஏ-விலிருந்து ஆர்.என்.ஏ, அதிலிருந்து புரதம். பள்ளிப் பாடம் சொல்லும் வரிசை இது. இதைத் தலைகீழாக்கி, ஆர்.என்.ஏ-வைப் பார்த்து டி.என்.ஏ எழுதும் நொதிதான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். ஹெச்.ஐ.வி பெருகுவது இதன் உதவியால்தான். 1989-ல் பாக்டீரியாவிலும் இது கண்டறியப்பட்டது.

அங்கே அதற்கு என்ன வேலை?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டெர்ன்பெர்க் குழு, க்ளெப்சியெல்லா பாக்டீரியாவில் உள்ள 'டி.ஆர்.டி 2' என்ற பாதுகாப்பு அமைப்பை ஆராய்ந்து, 2024-ல் ஒரு விடை சொன்னது. இந்த அமைப்பில் நொதியுடன், புரதக் குறிப்பு இல்லாத ஒரு சிறு ஆர்.என்.ஏ-வும் இருக்கிறது. செக்குமாடுபோல நொதி அதையே சுற்றிச் சுற்றி நகலெடுக்கிறது. ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் நீண்ட டி.என்.ஏ உருவாகிறது.

'டம்ப' என்பதற்குப் பொருளில்லை. அதையே விடாமல் எழுதுங்கள்: டம்படம்ப... நடுவில் 'படம்' தெரிகிறதா? நகல்கள் ஒட்டும்போது அப்படித்தான் ஒரு புது மரபணு பிறக்கிறது.

அதன் பெயர் 'நியோ'. ஃபேஜ் தாக்கும்போது அது தரும் புரதம், செல்லின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. செல் முடங்கினால் ஃபேஜ் பெருக வழியில்லை. பக்கத்துச் செல்கள் தப்பிக்கின்றன.

மனிதச் செல்களிலும் இப்படி ஒளிந்திருக்கும் மரபணுக்கள் உண்டா? விஞ்ஞானிகளின் அடுத்த கேள்வி இதுதான்.