மாத்திரையும் மதுவும்

மனச்சோர்வு ஒரு நோய். தூக்கம் வராது. பசிக்காது. எதிலும் பிடிப்பு இருக்காது. இதற்கு மாத்திரை உண்டு. ஆனால் குணம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும்.

பத்து நாள் ஆகியும் மனம் தெளியவில்லை என்றால் பலர் பொறுமை இழக்கிறார்கள். "கொஞ்சம் குடித்தால் கவலை மறக்கும்" என்று நினைக்கிறார்கள். கவலை மறக்கும், சில மணி நேரம் மட்டும். போதை தெளிந்ததும் சோர்வு முன்னைவிடக் கூடும்.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் தூக்கம் தரும். மதுவும் மூளையை மந்தமாக்கும். இரண்டும் சேர்ந்தால் கால் தடுமாறும். நினைவு தப்பும். மூச்சும் குறையலாம். அந்த நிலையில் வண்டி ஓட்டினால் உயிர் போகலாம். கள், சாராயம், பீர், பிராந்தி எல்லாம் மதுதான்.

சிலர் குடிக்கும் நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். இதுவும் தவறு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றும், பதற்றம் வரும். நோயும் திரும்பலாம்.

தினமும் நிறையக் குடிப்பவர் குடியையும் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கை நடுங்கும். வலிப்புகூட வரலாம். எனவே டாக்டரிடம் குடிப்பழக்கத்தை மறைக்கக் கூடாது. வெட்கம் வேண்டாம். உண்மையைச் சொன்னால், குடியை விடவும் அவர் வழி செய்வார்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்கக் கூடாது. வீட்டாரிடம் உடனே சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை.