கருநீலப் பழத்தின் கணக்கு

சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த புளூபெர்ரி இப்போது நம்மூர் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு திரும்ப வைத்துவிடுகிறவர்கள் ஒருபுறம். வாங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால், “ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்காமே” என்பார்கள். பழம் நல்லதுதான். காரணம்தான் காலாவதியாகிவிட்டது.

அமெரிக்க வேளாண் துறை 2007-ல் ‘ஓராக்’ என்ற பட்டியலை வெளியிட்டது. ஓர் உணவின் சாறு சோதனைக் குழாயில் ஆக்சிஜனேற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள் அதில் இருந்தன. பெர்ரிகள் நல்ல மதிப்பெண் வாங்கின. பழச்சாறும் மாத்திரையும் விற்கிறவர்கள் விடுவார்களா? எண்ணை லேபிளிலேயே அச்சிட்டார்கள். 2012-ல் அதே துறை பட்டியலை நீக்கிவிட்டது. குழாயில் கிடைத்த எண்ணுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, வணிக நிறுவனங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணமும் சொன்னது. விளம்பரங்கள் இன்னும் அந்தப் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கின்றன.

பெர்ரியின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் கருநீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நாம் சாப்பிடும் ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்குதான் உருமாறாமல் ரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிறு சிறு மூலக்கூறுகளாக உடைக்கின்றன. அவற்றில் பலவும் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுகின்றன. ரத்தக் குழாய்களின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாய் தளர்ந்து விரிய உதவுகிறது. அந்த வேலைக்கு இந்த மூலக்கூறுகள் துணைநிற்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2013-ல் வெளியான ஓர் ஆய்வு, 93,600 அமெரிக்கச் செவிலியர்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆந்தோசயனின் அதிகம் உண்டவர்களுக்கு, குறைவாக உண்டவர்களைவிட மாரடைப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. பெர்ரி தின்கிறவர்கள் உடற்பயிற்சியும் செய்கிறவர்களாக இருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுத்தார்கள். ஆனாலும் இது கவனிப்பு மட்டுமே, சோதனை அல்ல.

சோதனை 2019-ல் வந்தது. இடுப்புச் சதை, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பல சிக்கல்கள் சேர்ந்திருந்த, 50 முதல் 75 வயது வரையிலான 115 பேர். ஒரு பிரிவினருக்குத் தினமும் ஒரு கப் புளூபெர்ரி, அதாவது 150 கிராம் பழத்துக்குச் சமமான உலர்பொடி. இன்னொரு பிரிவுக்கு அரை கப். மூன்றாவது பிரிவுக்கு நிறமும் ருசியும் ஒத்த போலிப் பொடி. ஆறு மாதம் கழித்து, ஒரு கப் சாப்பிட்டவர்களின் ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்தன. அரை கப்புக்குப் பலனில்லை. இன்சுலின் எதிர்ப்பு யாருக்கும் குறையவில்லை. ஐஸ்கிரீம் மேல் நாலு பழத்தைத் தூவிவிட்டு இதயத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பவர்களுக்கு இந்தச் செய்தி கசக்கும். செலவில் பங்கெடுத்தது அமெரிக்கப் புளூபெர்ரி விவசாயிகளின் அமைப்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். தனக்குச் சாதகமில்லாத முடிவுகளும் அதில் வெளியாகியிருப்பதால் நான் அதை நம்புகிறேன்.

பெர்ரியில் நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் உண்டு. 100 கிராம் புளூபெர்ரியில் சுமார் 57 கலோரிதான். பழமாகச் சாப்பிட்டால்தான் இந்தக் கணக்கு. வடிகட்டிய ஜூஸில் நார் போய்விடும், சர்க்கரை தங்கிவிடும்.

ஆனி, ஆடி மாதங்களில் நம் தெருவில் கூறுகட்டி விற்கும் நாவல் பழத்திலும் இதே நிறமிக் குடும்பம்தான். புளூபெர்ரியில் உள்ள டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் ஆகிய மூன்றும் நாவலில் உண்டு. நாக்கை ஊதாவாக்குவது அவைதான். அதற்காக ஒன்றின் சோதனை முடிவை மற்றதன் தலையில் ஏற்றிவிட முடியாது. நாவல்கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

புளூபெர்ரிக்குப் பணம் போட ஒரு விவசாயிகள் அமைப்பு இருந்தது. நாவலுக்கு இருப்பது கூடைக்காரம்மா மட்டும். போலிப் பொடியும் கப் அளவும் வைத்து, ஆறு மாதம் நடக்கும் அதே மாதிரிச் சோதனையை நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து நாவலுக்கும் நடத்த வேண்டும்.