உங்களுக்குத் தெரியுமா? புல்லியின் கழுத்தில் விழும் பள்ளம்

செம்பூருக்கும் தாராவிக்கும் அண்டையிலுள்ள குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்து, பம்பாய் டாக்சியென்றே பிரசித்தி பெற்று, 2023 அக்டோபர் இறுதியில் அந்தச் சேவையிலிருந்து விடைபெற்ற பத்மினியின் 1089 சி.சி. இஞ்சினைப் போன்ற பழைய யந்திரமொன்றை, போர் அடித்து, புது பிஸ்டனும் பேரிங்கும் போட்டுப் பூட்டிய பின்னரும் முன்புறம் எண்ணெய் கசிந்தால், பழி அநேகமாகப் புது ஆயில் சீலின் தலையில்தான் விழும். பல சமயம் அது வீண்பழி.

ஆண்டுக்கணக்காகச் சுழன்ற கிராங்க் புல்லியின் கழுத்தில், சீலின் ரப்பர் உதடு உரசிய இடத்தில், உலோகமே தேய்ந்து மெல்லிய பள்ளம் வளையமாக விழுந்திருக்கும். எண்ணெயைத் துடைத்து விரல் நகத்தைக் குறுக்கே இழுத்தால் நகம் தடுக்கும். (ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று ஆட்சேபிப்பவர்க்கு: உதட்டில் சிக்கிய தூசியே அரமாக நின்று அவ்வேலையைச் செய்கிறது.) சீலைச் சற்றே உள்தள்ளியோ முன்னிழுத்தோ பொருத்துவதும், கழுத்தின்மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றுவதும் இதற்குரிய பரிகாரங்கள்.

சீலுக்காக டைமிங் கவரைக் கழற்றியவர் அதன் உட்புறத்தைப் பாராமல் விடலாகாது. அங்கே பளபளக்கும் கீறல்கள் தென்பட்டால், தளர்ந்த செயின் கவரில் அடித்திருக்கிறதென்று சந்தேகிக்கலாம். புல்லி ஆடிச் சுழன்றால், அதைக் கிராங்க்குடன் பிணைக்கும் சாவியும் அது அமரும் பள்ளமும் தேய்ந்திருக்கக்கூடும். புல்லியே கவரை உரசினால், த்ரஸ்ட் வாஷர் தேய்ந்ததா என்றறிய, கிராங்க்கின் முன்பின் அசைவை அளக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்யத்தக்க, காசு செலவில்லாத பரிசோதனை ஒன்றுண்டு: ப்ரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அடைத்திருந்தால், உள்ளே ஏறும் அழுத்தம் எவ்வளவு நல்ல சீலையும் கசியவைத்துவிடும்.