நிரம்பும் முன்பே உதறிவிடு!

1986 அக்டோபர். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜம்தான் தூரம். நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த இணைப்பு, திடீரென்று 40 பிட்டுக்குச் சுருண்டது. கம்பி அறுபடவில்லை. நெரிசலில் தொலைந்த பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கணினிகள் மறுபடி மறுபடி அனுப்ப, அதுவே நெரிசலைப் பெருக்கியது.

இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-ல் ஒரு வழி சொன்னார்: பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு, அனுப்புகிற கணினியே வேகத்தைக் குறைக்க வேண்டும். கணினிகள் தரவு அனுப்பப் பயன்படுத்தும் டிசிபி நெறிமுறை இன்றும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது.

இனி, கணினிகளை இணைக்கும் ஸ்விட்சுக்கு வருவோம். 24 போர்ட்டுகளில் வருவதெல்லாம் ஒரே அப்லிங்க் வழியாக வெளியேற வேண்டும். காத்திருக்கும் பாக்கெட்டுகள் பஃபர் என்னும் நினைவகத்தில் வரிசை கட்டும். பஃபர் நிரம்பினால், அதன்பின் வருவது எதுவானாலும் கீழேதான். இது ‘டெயில் டிராப்’. இதில் ஒரு சிக்கல்: ஒரே நேரத்தில் பலருடைய பாக்கெட்டுகள் விழுவதால் எல்லாரும் சேர்ந்தே வேகத்தைக் குறைப்பார்கள், இணைப்பு காலியாகக் கிடக்கும். பிறகு எல்லாரும் சேர்ந்தே ஏறுவார்கள், மறுபடி முட்டும்.

1993-ல் சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் தந்த மாற்று ‘ரெட்’. வரிசையின் சராசரி நீளத்துக்கு இரண்டு எல்லைகள் வைக்கிறோம். 40, 80 பாக்கெட் என்று கொள்வோம். 40-க்குக் கீழே எதுவும் விழாது. அதைத் தாண்டினால், எந்தப் பாக்கெட் விழும் என்பதற்குச் சீட்டுக் குலுக்கல் தொடங்கும். 80-ஐத் தொடும்போது பத்தில் ஒன்று விழும்படி வைத்திருந்தால், 60-ல் இருபதில் ஒன்று விழும். 80-ஐத் தாண்டினால் எல்லாமே விழும். அதிகம் அனுப்புகிறவருக்கே சீட்டு விழும் வாய்ப்பும் அதிகம். கணக்கு சராசரியில் நடப்பதால், கணநேர வெள்ளம் அடிபடாமல் கடந்துவிடும்.

ரெட்டின் நீட்சியான ‘டபிள்யூரெட்’ அமைப்பில் பாக்கெட்டின் முக்கியத்துவத்துக்கேற்ப எல்லைகளும் மாறும்: பேக்கப் கோப்புகளுக்கு 20-லேயே குலுக்கல், கணக்குத்துறை மென்பொருளுக்கு 60-ல். ஆனால் யுடிபி என்னும் வேறொரு நெறிமுறையில் போகும் தொலைபேசிக் குரல், பாக்கெட் விழுவதைக் குறிப்பாகக் கொண்டு வேகத்தைக் குறைக்காது. அதற்குத் தனி முன்னுரிமை வரிசைதான் சரி. எல்லையை மிகக் கீழே வைத்தால் இணைப்பின் திறன் வீணாகும். மிக மேலே வைத்தால் பழைய டெயில் டிராப்தான்.

ஆகவே, ஸ்விட்சில் ‘டிராப்’ எண்ணிக்கை ஏறுவதைக் கண்டதும் பதற வேண்டாம். விழுந்தது எந்த வரிசையில் என்று முதலில் பாருங்கள். பேக்கப் வரிசையில் என்றால், ஸ்விட்ச் தன் வேலையைச் செய்கிறது. குரல் வரிசையில் என்றால், உங்களுக்கு வேலை இருக்கிறது.