விடுபட்ட பிள்ளை எங்கே?

மேல்விஷாரத்தில் பிறக்கும் குழந்தையின் பெயர் நகராட்சிப் பதிவேட்டில் ஏறுகிறது. போட்ட தடுப்பூசியின் விவரம் மருத்துவமனையில் இருக்கிறது. பின்பு அதே பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில். இம்மூன்றையும் யாரும் சேர்த்துப் பார்க்காவிட்டால், தோல் தொழிற்சாலை வேலைக்காக வீடு மாறிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் பிள்ளை எளிதில் விடுபட்டுப்போகும்.

2017 பிப்ரவரியில் தமிழகமெங்கும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கு, பெரும்பாலும் பள்ளிகளிலேயே ஊசி. மருந்து இருந்தது, செவிலியரும் வந்தனர். ஆனால் வாட்ஸ்அப் வதந்தி அவர்களை முந்திக்கொண்டது. பல பெற்றோர் மறுக்கவே, முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால், குழந்தையின் செவியும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படலாம். மருத்துவர் அறிந்த இந்தச் செய்தியைப் பெற்றோரிடம் சேர்க்க வேண்டியவர் வகுப்பாசிரியர்தான். முன்பின் தெரியாத அதிகாரியைவிட அவர் சொல்லையே பெற்றோர் நம்புவர். ஜமாஅத் பெரியவரும் பங்குத்தந்தையும் சொன்னால் இன்னும் நல்லது.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கொருமுறை அரசுப் பள்ளிக்கு வர வேண்டும். அன்று வராத பிள்ளைகளின் பட்டியலை ஆசிரியர் அன்றே நகராட்சி ஊழியரிடம் கொடுத்துவிடலாம். தெருவும் வீடும் அறிந்தவர் அவரே.