பாயில் அம்மாவும் உட்கார வேண்டும்

வறுமை, தனிமை, அகதி வாழ்க்கை, வீட்டில் அடி உதை என்று ஏதோ ஒன்றால் அலைக்கழிந்த குடும்பங்களுக்காக ஆஸ்திரேலியாவில் வாரம் ஒருமுறை நடக்கும் கூடல்தான் ஆதரவு விளையாட்டுக் குழு. பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் சுமார் இரண்டு மணி நேரம் கூடி விளையாடுவார்கள். அம்மாவோ அப்பாவோ பாட்டியோ, யார் கூட்டிவந்தாலும் கடைசிவரை அங்கேயே இருக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் காப்பகம் இல்லை இது. எழுத்து சொல்லித்தரும் பாலர் பள்ளியும் இல்லை. பெரியவர்களைக் கூடவே உட்கார வைப்பதில்தான் இதன் பலமெல்லாம் இருக்கிறது.

தாய்மார் தாங்களே கூடி நடத்தும் விளையாட்டுக் குழுக்கள் இதற்கு முன்பே இருந்தன. நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 1941இல், போர்க்கால நெருக்கடியில், இப்படி ஒரு முயற்சி தொடங்கியது. 1961இல் லண்டனைச் சேர்ந்த பெல் டுடாயெவ் என்ற தாய், கார்டியன் நாளிதழுக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிரிட்டனில் ஓர் இயக்கமே எழுந்தது. 1970களில் ஆஸ்திரேலியாவிலும் குழுக்கள் பெருகின. தேவாலயத்தின் பின்கட்டிலோ ஊர்ச் சமூகக்கூடத்திலோ கூடுவார்கள். கதவைத் திறப்பது, பொம்மைகளை எடுத்துவைப்பது, தேநீர் போடுவது எல்லாம் முறை வைத்துத் தாய்மாரே செய்வார்கள். கையில் கொஞ்சம் நேரமும் தெரிந்தவர் நாலு பேரும் இருப்பவர்களுக்கு இது போதும். ஆனால் கணவனின் அடிக்குப் பயந்து இரண்டு பிள்ளைகளோடு வேறு ஊருக்கு வந்துவிட்ட இருபது வயதுப் பெண், முன்பின் தெரியாதவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் தானாக நுழைய மாட்டாள். ஆங்கிலம் வராத தாயும் அப்படித்தான். அவர்களுக்காகவே சம்பளம் பெறும், பயிற்சி பெற்ற ஒரு வழிநடத்துநரைக் குழுவில் வைத்தார்கள். விக்டோரியா மாநிலத்தில் அரசு பணம் தருகிறது. பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்கள் நடத்துகின்றன. குடும்பங்களுக்குக் கட்டணம் கிடையாது.

உள்ளே போய்ப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. ஒரு மூலையில் பாய், படப் புத்தகங்கள். ஒரு மேசையில் மைதா, உப்பு, எண்ணெய், தண்ணீர் கலந்து பிசைந்த மாவு; குழந்தைகள் அதை உருட்டித் தட்டி விளையாடுவார்கள். நடுவில் பழத்துண்டுகள் சாப்பிடும் நேரம். முடிவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாட்டு. வழிநடத்துநர் செய்யும் வேலை கண்ணுக்கே படாத அளவுக்கு மென்மையானது. ஒன்றரை வயதுக் குழந்தை கரண்டியை மேசையிலிருந்து திரும்பத் திரும்பத் தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். களைத்துப்போன தாய் கரண்டியைப் பிடுங்கப் போகிறாள். வழிநடத்துநர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, “டொம்! கீழே விழுந்துடுச்சு. எங்கே போச்சு?” என்று குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். குழந்தை குனிந்து பார்த்துக் கையை நீட்டுகிறது. அடுத்த முறை கரண்டி விழும்போது அந்தக் கேள்வியைத் தாயே கேட்கிறாள். பாடம் அவ்வளவுதான். யாரும் உபதேசம் செய்யவில்லை, தாயைக் குறை சொல்லவும் இல்லை.

விக்டோரியாவில் இந்த அணுகுமுறைக்கு ‘ஸ்மால்டாக்’ என்று பெயர். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைத் தானும் கவனிப்பது, விளையாட்டில் அதன் போக்கிலேயே போவது, நிறையப் பேசுவதோடு நிறையக் கேட்பது, குளியல், சாப்பாடு, கடைக்குப் போவது போன்ற அன்றாட நேரங்களையே கற்றலாக்குவது, அன்பும் மென்மையுமாக நடந்துகொள்வது ஆகியவை இதன் சாரம். விலை உயர்ந்த பொம்மை எதுவும் வேண்டாம். தேவைப்படும் குடும்பங்களுக்கு வழிநடத்துநர் வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருவதும் உண்டு. பெரிய அளவில் நடத்திப் பார்த்த ஆய்வில், குழுவோடு வீட்டுப் பயிற்சியும் பெற்ற பெற்றோர் குழந்தையின் மழலைக்கு ஈடுகொடுத்துப் பேசும் விதம் மேம்பட்டது தெரிந்தது. குழுவில் பார்த்ததைச் சொந்தச் சமையலறையில் செய்து பார்க்கும்போதுதான் அது பழக்கமாகிறது.

பிறந்ததிலிருந்து மூன்றரை வயதுவரை பத்துமுறை குழந்தையைப் பார்க்கும் தாய்-சேய் நல நர்ஸ் விக்டோரியாவில் எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு. பல குடும்பங்களைக் குழுவுக்கு அனுப்பிவைப்பவரும் அவரே. குறைந்த வருமானச் சலுகை அட்டை வைத்திருப்போர், அகதிகள், பூர்வகுடிக் குடும்பங்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் ஆகியோருக்குக் குழுவில் இடம் உண்டு. மெல்பர்னின் டாண்டனோங் போன்ற பகுதிகளில் ஆப்கானியரும் இலங்கைத் தமிழரும் நிறைய வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில் தாய்மொழி தெரிந்த ஓர் ஊழியர் இருந்தாலே அறையின் இறுக்கம் தளர்ந்துவிடும். குழந்தையோடு வீட்டு மொழியிலேயே பேசுங்கள் என்பதுதான் அங்கே தரப்படும் அறிவுரை. ஆங்கிலம் பள்ளியில் வந்துவிடும். அம்மாவின் மொழியில் கிடைக்கும் வளமான பேச்சு வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் யாருக்கு இந்தக் குழு மிக அவசியமோ அவர்கள்தான் குறைவாக வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2009 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளியின் முதல் ஆண்டில் இருக்கும் குழந்தைகளின் வளர்ச்சியைக் கணக்கெடுக்கிறார்கள். 2021 கணக்கில், ஐந்து வளர்ச்சித் துறைகளில் ஒன்றிலாவது பின்தங்கிய நிலையில் இருந்த குழந்தைகள் 22 விழுக்காடு. இந்தக் கணக்கெடுப்பின் பழைய தரவை வைத்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விளையாட்டுக் குழுவுக்குப் போன குழந்தைகள் பள்ளி தொடங்கும்போது மேலான நிலையில் இருப்பதையும், ஏழைப் பகுதிக் குழந்தைகள் அங்கே போவது குறைவு என்பதையும் சேர்த்தே காட்டியது. குழுவால்தான் முன்னேற்றமா, குழுவுக்கு அழைத்துப்போகும் வீடுகளே கொஞ்சம் வசதியானவையா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

வராததற்கு அலட்சியம் காரணமில்லை. பேருந்து வசதி இல்லை, மனச்சோர்வில் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, பிள்ளை அடம்பிடித்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம். இவற்றைவிட ஆழமானது பயம். பூர்வகுடிக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாக அரசே பெற்றோரிடமிருந்து பிரித்தது. அந்தக் கொடுமையை 1997இல் ஓர் அரசு விசாரணை அறிக்கை வெளிக்கொணர்ந்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். குறிப்பேடும் கையுமாக நிற்கும் அரசு ஊழியரைக் கண்டால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்று ஒரு பாட்டி பதறுவதற்கு இந்த வரலாறு போதும். அதனால் பல இடங்களில் பூர்வகுடி அமைப்புகளே குழுவை நடத்துகின்றன. அவர்களுடைய மூத்தோரும் பாயில் வந்து உட்காருகிறார்கள்.

நல்ல வழிநடத்துநர் முதல் நாளே படிவத்தை நீட்டுவதில்லை. பெயர் சொல்லி வரவேற்று, தேநீர் கொடுத்து, குழந்தையோடு விளையாட ஆரம்பித்துவிடுவார். ஒரு வாரம் வராவிட்டால், “உங்களைத் தேடினோம்” என்று குறுஞ்செய்தி போகும். வீட்டுச் சிக்கல் வாய்க்கு வருவதற்கே மாதக்கணக்காகும். வந்தபின் வீட்டு வசதி, மனநலம், பேச்சுப் பயிற்சி என்று உரிய இடத்துக்குக் கைபிடித்து அழைத்துப்போவதும் அவர் வேலைதான். ஆகவே நிதி ஒப்பந்தம் முடிந்து ஊழியர் மாறும்போது குழுவே கலைந்துவிடுவதுண்டு. புதிய முகத்திடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க எல்லோருக்கும் தெம்பிருக்காது.

விக்டோரியாவில் மூன்று வயதில் குழந்தை அரசு நிதியுதவி பெறும் மழலையர் பள்ளிக்குப் போகத் தொடங்கலாம். அதில் பெயர் பதிவு செய்ய வழிநடத்துநர் உதவுவார். கடைக்குட்டி இன்னும் சின்னதென்றால் தாய் அதோடு குழுவுக்கு வந்துகொண்டிருப்பாள். சில தாய்மார் குழுவில் பழகியவர்களோடு சேர்ந்து, யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், தங்கள் தெருவிலேயே சொந்தமாக ஒரு விளையாட்டுக் குழு தொடங்கிவிடுவார்கள்.