நகச்சொத்தைதானே என்று விட்டுடாதீங்க!

அம்மா மண்டபத்தில் காவிரியில் குளித்துவிட்டு, ஸ்ரீரங்கம் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வருபவரா நீங்கள்? வீட்டுக்கு வந்ததும் கால் நகங்களை ஒரு தடவை பாருங்க. நகம் மஞ்சளாகி, தடித்து, ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறதா? பூஞ்சைக் கிருமியால் வரும் நகச்சொத்தையாக இருக்கலாம். ஈரம் தங்கும் விரலிடுக்கும், காற்றுப் புகாத ஷூவும் பூஞ்சைக்கு வசதியான இடங்கள்.

நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவருக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. அது குறைந்தவர்களுக்கு அப்படியில்லை.

சர்க்கரை நோயில் கால் மரத்துப்போயிருந்தால், தடித்த நகம் குத்திப் புண்ணானாலும் வலி தெரியாது. புண் முற்றினால் விரலையே இழக்க நேரலாம். கீமோதெரபியால் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்கு, சிலவகைப் பூஞ்சை நகத்திலிருந்து ரத்தத்துக்குப் பரவக்கூடும். நகத்தின் அடிப்பகுதியிலிருந்து வெண்மை படர்ந்தால், எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதா என்று டாக்டர் பரிசோதிக்கச் சொல்லலாம்.

கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீங்க

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தினமும் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை, இட்ரகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை ரத்தத்தில் கூட்டிவிடும். அதனால் மாற்றிய சிறுநீரகமே பாதிக்கப்படலாம். தவிர, நிறம் மாறிய நகமெல்லாம் பூஞ்சை இல்லை. அடிபட்டாலும், சொரியாசிஸ் இருந்தாலும் இப்படி ஆகும். நகத்துணுக்கைப் பரிசோதித்த பிறகே சிகிச்சை தொடங்குவது நல்லது.

என்ன செய்யலாம்?

* பகல் வெளிச்சத்தில் நகத்தை போட்டோ எடுங்க. மாதம் ஒருமுறை எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும்.
* இ-சஞ்சீவனி செயலியில் செல்பேசி எண்ணைப் பதிந்து, வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் சொல்லுங்க.
* நேரில் காட்ட, திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போகலாம்.
* ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும்போது, காலையும் காட்டுங்க.
* விரல் சிவந்து வீங்கினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ போட்டோவோடு நிற்காதீங்க. அன்றே மருத்துவமனைக்குப் போங்க.

குளித்ததும் விரலிடுக்கைத் துடைங்க. நகத்தை நேராக வெட்டுங்க. நகவெட்டியை யாருடனும் பகிராதீங்க. கால் நகம் முழுசாகப் புதிதாக வளர ஒரு வருடத்துக்கு மேலாகும். டாக்டர் சொன்ன காலம்வரை மருந்தை நிறுத்தாமல் எடுத்துக்கோங்க.